1950இல் வந்த கோம்பிரிச்சின் கலை வரலாற்றை இன்னும் வாசிக்க வேண்டுமா?

கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிச்சின் ‘த ஸ்டோரி ஒஃப் ஆர்ட்’ (கலையின் கதை) பழசாகிவிட்டதே, இனியும் அதை ஏன் சிபாரிசு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வாசியுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான்.

நான் திருகோணமலையில் உயர்தரத்துக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். இங்கே பிள்ளைகள் ஓவியத்தின் பெயர், வரைந்தவர், காலம் என்று பரீட்சையின் பழைய வினாத்தாள்களுக்காகப் பாடமாக்குவார்கள். கோம்பிரிச்சோ, அந்தக் கலைஞனுக்கு என்ன சிக்கல் இருந்தது, அதை எப்படித் தீர்த்தான் என்று கதையாகச் சொல்லிக்கொண்டு போவார். எகிப்தியர் பாதத்தைப் பக்கவாட்டில்தான் வரைந்தார்கள், தெளிவாகத் தெரிவது அப்படித்தான். கி.மு. 500ஐ ஒட்டி யூதிமைடிஸ் என்ற கிரேக்கர், சாடி ஒன்றில், போருக்குப் புறப்படும் வீரனின் ஒரு பாதத்தை முன்னிருந்து பார்த்தபடி வரைந்தார். விரல்கள் வரிசையாக ஐந்து சின்ன வட்டங்கள். அந்தப் படத்தைக் காட்டி, ‘உங்கள் காலை நீட்டி வைத்து வரையுங்கள்’ என்றால் போதும், வகுப்பில் சத்தமே இருக்காது!

குறைகளும் உண்டு. முதற்பதிப்பில் பெண் கலைஞர் ஒருவர்கூட இல்லை. பிந்திய பதிப்பிலும் ஜேர்மன் கலைஞர் கேதே கோல்விட்ஸ் ஒருவர்தான். 2022இல் கேட்டி ஹெசல் என்ற பிரித்தானிய எழுத்தாளர், ‘த ஸ்டோரி ஒஃப் ஆர்ட் விதவுட் மென்’, அதாவது ஆண்களே இல்லாத கலையின் கதை என்று எழுதிப் பதில் கொடுத்தார். சண்டை பிடிக்கவும் கோம்பிரிச்சின் தலைப்புத்தான் தேவைப்பட்டது, பாருங்கள்.

இந்தியா என்றால் காந்தாரத்துப் புத்தரோடு ஏறக்குறைய முடித்துவிடுவார். சோழர் வெண்கலம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் புத்தகம் வந்த அதே 1950இல்தான் எங்கள் ஊரில், கோணேஸ்வரம் சிவன் கோயிலுக்குக் கிட்ட நகரசபையினர் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. பழைய கோயில் 1620களில் போர்த்துக்கேயரால் இடிபட்டது. கோம்பிரிச் தொடாத இந்தச் சிலைகளிடமும் அவருடைய கேள்வியையே கேட்கலாம்: சிற்பிக்கு என்ன சிக்கல்? உற்சவ மூர்த்தி வீதியுலா போகும், சுற்றி நிற்கிற சனம் எல்லாப் பக்கமும் பார்க்கும். அதனால் முதுகுக்கும் முகத்தளவு வேலை. தூக்கிப் போக, பீடத்தில் துளையோ வளையமோ வேண்டும். இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, பெயர்ப்பட்டியலை மறந்தாலும் சிலையை விட்டு நகராது.

வாங்குவதென்றால் பெரிய பதிப்பையே வாங்குங்கள். கையடக்கப் பதிப்பில் படங்கள் எல்லாம் புத்தகத்தின் கடைசிப் பகுதியில். ஒவ்வொரு வரிக்கும் புரட்டிப் புரட்டி அலுத்துவிடும்.