விளக்கெண்ணெய், நிலாவாரை, கடுக்காய்: குடல் சுத்தம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்தால் குடலில் ஒட்டிய அழுக்கெல்லாம் போய்விடும் என்கிறார் மாமியார். குடிக்கலாமா?

பதில்: ஒட்டிய அழுக்கு என்று ஒன்று கிடையாது அம்மா. குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை தானே உதிர்ந்து புதிதாக வளர்கிறது. விளக்கெண்ணெய் சிறுகுடலுக்குப் போனதும் அதிலிருந்து ரிசினோலிக் அமிலம் பிரிந்து குடலை முடுக்கிவிடும். அதனால்தான் விடிகாலையில் குடித்தால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு போகிறது. மலத்தோடு உடம்பின் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகும். பேதி மருந்தைப் பெரிதாகச் சொல்லும் சித்த மருத்துவத்திலேயே நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு. அன்றைக்குக் கஞ்சி அல்லது மோர்ச்சோறு, வீட்டில் ஓய்வு. இப்போது குடித்துவிட்டு ஆபீசுக்கும் கிளம்புகிறார்கள்! கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருப்பையும் சுருங்கும்.

கேள்வி: தினமும் ராத்திரி நிலாவாரைப் பொடி சாப்பிடுகிறேன். இப்போது அது இல்லாமல் போவதே இல்லை.

பதில்: நிலாவாரை பேதியாக்கும் இலை; திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறும் சரக்கு, வீரியமானது. பெருங்குடல் கிருமிகள் உடைத்த பிறகுதான் வேலை செய்யும். ராத்திரி சாப்பிட்டால் காலையில் போவது அதனால்தான். வைத்தியர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அளவைக் குறைத்துக்கொண்டே வந்து தண்ணீரில் உப்பும் நார்ச்சத்தான இசப்கோல் உமிக்கு மாறுங்கள். அதையும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். கீரையும் வாழைத்தண்டும் கொய்யாவும் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: கடுக்காயை அப்படியே இடிக்கலாமா?

பதில்: கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடியுங்கள். 'இஞ்சிக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு' என்பார்களே.

கேள்வி: ஐந்து வயதுப் பையனுக்குப் பூச்சித் தொல்லை. பேதிக்குக் கொடுத்தால் சரியாகுமா சார்?

பதில்: வேண்டாம். பேதியில் பூச்சி முழுதாகப் போகாது, பிள்ளைதான் துவண்டுவிடும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகத் தரும் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை மென்று தின்னச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. இரண்டு மாதமாக மலச்சிக்கல், ரத்தமும் படுகிறது, ஆளும் மெலிந்துவிட்டார். என்ன கஷாயம் கொடுக்கலாம்?

பதில்: எதுவும் கொடுக்காதீர்கள் தம்பி. மூலம் என்று நீங்களாக முடிவு கட்டாமல் இந்த வாரமே குடல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்றால் சம்மதியுங்கள். இடையில் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியாமல் போனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.