பட்டியலின் கடைசி வரியிலும் கமா எதற்கு?

நிரலில் ஒரு பட்டியலை வரிக்கு ஒன்றாக எழுதும்போது, கடைசி உறுப்புக்குப் பிறகும் போடும் கமாதான் டிரெய்லிங் கமா.

"காட்பாடி",
"ஆற்காடு",
"ஆம்பூர்",

ஆம்பூருக்குப் பின் கமா இல்லை என்று வையுங்கள். குடியாத்தத்தைச் சேர்க்க ஆம்பூர் வரியையும் தொட்டாக வேண்டும். ஒரு ஊர் சேர்த்ததற்கு, நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) இரண்டு வரி மாறியதாகக் காட்டும். கமா போட மறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் உடனே பிழை சொல்லிவிடும். பைத்தான்தான் ஆபத்து: பக்கத்துப் பக்கத்துச் சரங்களை (மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகளை) சத்தமில்லாமல் ஒட்டி "ஆம்பூர்குடியாத்தம்" என்று ஒரே ஊராக்கிவிடும். நான்கு ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும், பிழைச்செய்தியும் வராது.

காட்பாடி ஜங்ஷனில் நிற்கும் ரயிலைப் பாருங்கள், கடைசிப் பெட்டிக்கும் பின்பக்கம் கொக்கி உண்டு. இன்னொரு பெட்டி கோக்க, இருக்கிற பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரே வரியில் முடியும் பட்டியலுக்கு இது வேண்டாம். பார்க்கவும் நன்றாக இருக்காது. தரவைப் பரிமாறப் பயன்படும் ஜேசன் (JSON) வடிவத்தில் போடவே கூடாது. கோ மொழியிலோ, மூடும் அடைப்பு தனி வரியில் வந்தால் கட்டாயம்.

கடைசிக் கமா காலி உறுப்பு ஒன்றைச் சேர்த்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, [1, 2,] என்பதன் நீளம் 2தான், ஜாவாஸ்கிரிப்டில் [1, 2,,] என்று இரட்டைக் கமா போட்டால்தான் 3 ஆகும்.