உத்தரவாதம் மறுக்கப்பட்ட மடிக்கணினி

கேள்வி: மகளின் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினியின் திரை, ஏழாம் மாதமே கோடுகோடாகி அணைந்துவிட்டது. உள்ளே ஈரம் பட்டிருப்பதாகக் கூறித் தயாரிப்பாளர் உத்தரவாதத்தை மறுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ஒருவரி மறுப்புக்கு நீங்கள் அடங்கிப்போக வேண்டியதில்லை. ஈரம் எந்தப் பாகத்தில் கண்டறியப்பட்டது என்பதைப் படங்களோடு எழுத்தில் கேளுங்கள். அதுவரை வேறெந்தக் கடையிலும் கணினியைத் திறக்கவிடாதீர்கள், பழி உங்கள்மேல் விழும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கூறுவதால், விற்ற கடையிடமும் நீங்கள் தீர்வு கேட்கலாம். இருவரும் கைவிரித்தால், ரசீதோடும் கடிதங்களோடும் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அம்மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட இயலாது என்பது, நிறுவனத்தை எதிர்த்து நிற்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குப் பெரும் பலம் என்றே கருதுகிறேன்.