லூப் டெஸ்ட் சுத்தம், பேச்சில் மட்டும் 'டிக்' சத்தம்

கேள்வி: எங்கள் அலுவலக இபிஏபிஎக்ஸில் (அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) ஒரு பிஆர்ஐ லைன் (பல அழைப்புகள் ஒன்றாகப் போகும் டிஜிட்டல் லைன்) இருக்கிறது. பேசும்போது அடிக்கடி 'டிக்' என்று கேட்கிறது, ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடுகிறது. அலாரம் எதுவும் இல்லை. சேவை நிறுவனத்தார் லூப் போட்டு (அனுப்பியதே திரும்பி வரும்படி லைனை இணைத்து) 24 மணி நேரம் பெர்ட் (பிட் பிழை எண்ணும் டெஸ்ட்) ஓட்டிவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்கிறார்கள். கார்டை மாற்றிவிடலாமா?

பதில்: கார்டு கிடக்கட்டும், முதலில் க்ளாக் செட்டிங்கை, அதாவது பிட் போகும் வேகத்தை இபிஏபிஎக்ஸ் எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பாருங்கள்.

லூப்பில் டெஸ்டர் தன் க்ளாக்கில் அனுப்பிய பிட்தான் திரும்பி வருகிறது. கேபிள் நன்றாக இருந்தால் பிழை வராது. அந்த நேரத்தில் உங்கள் இபிஏபிஎக்ஸோ கழற்றிக் கிடக்கிறது; குற்றவாளியை வெளியே அனுப்பிவிட்டு விசாரித்த கதைதான்.

பிஆர்ஐ ஓடும் இ1 லைனில் விநாடிக்கு 20,48,000 பிட். 256 பிட் ஒரு ஃபிரேம். இபிஏபிஎக்ஸ் சொந்த க்ளாக்கில் ஓடினால் எக்ஸ்சேஞ்சோடு வேகம் ஒத்துப்போகாது. வரும் பிட்களைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர் நிரம்பினால் ஒரு ஃபிரேம் தொலையும், காலியானால் பழைய ஃபிரேமே மறுபடி வரும். இதுதான் ஸ்லிப். பேச்சில் வெறும் 'டிக்', அதுவும் எல்லா முறையும் காதில் விழாது. ஃபேக்ஸ் அப்படித் தாங்காது.

இபிஏபிஎக்ஸின் கவுன்ட்டர்களைத் திறந்து பாருங்கள். ஸ்லிப் ஏறுகிறது, சிஆர்சி பிழை (வழியில் பிட் கெட்டதைக் காட்டும் எண்ணிக்கை) பூஜ்யம் என்றால் க்ளாக் கோளாறு. சிஆர்சி ஏறி ஸ்லிப் அசையாமல் இருந்தால் கேபிள், கனெக்டர், எர்த் பக்கம் போங்கள்.

உறுதி செய்ய, டெஸ்டரை ஹை இம்பீடன்ஸ் மானிட்டரில் (லைனைத் தொந்தரவு செய்யாமல் பார்க்கும் முறை) வைத்து இரு திசையிலும் ஃப்ரீக்வென்சி பாருங்கள். சும்மா டெர்மினேஷனில் (டெஸ்டரே லைனின் முனையாக நிற்கும் முறை) செருகினால் ஓடுகிற லைன் விழுந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் பக்கம் 20,48,000 ஹெர்ட்ஸ், உங்கள் பக்கம் 20,48,064 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 64, 256-ஐ அதால் வகுத்தால் 4. அதாவது 4 விநாடிக்கு ஒரு ஸ்லிப். இத்தனைக்கும் இது 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50) வரம்புக்குள்தான். அதனால்தான் அலாரம் அடிக்கவில்லை. க்ளாக் ஒழுங்காக இருக்கும் இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே 72 நாளுக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

சரி, செய்ய வேண்டியது: க்ளாக் சோர்ஸை 'இன்டர்னல்' என்பதிலிருந்து 'லைன்' என்று மாற்றி, கவுன்ட்டரை அழித்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறமும் ஸ்லிப் ஏறினால், நடுவில் இருக்கும் மோடமோ மக்ஸோ (பல லைன்களை ஒன்றாக்கும் பெட்டி) இன்டர்னலில் கிடக்கலாம். சேவை நிறுவனத்திடம் இன்னொரு லூப் டெஸ்ட் கேட்காதீர்கள். அந்தப் பெட்டியின் க்ளாக் செட்டிங் என்ன என்று கேளுங்கள்.