வாள்வீச்சு: வீராங்கனையாக இருந்து பயிற்சியாளரானவரிடம் சில கேள்விகள்

வாள்வீச்சின் மூன்று வாள் வகைகளில் ஒன்றான எப்பேயோடு போட்டிகளில் நின்றவள் நான். இப்போது கிளிநொச்சிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன்.

மகளுக்குப் பத்து வயது. கண்ணில் குத்திவிடாதா? (மல்லாவி அம்மா ஒருவர்)

உங்கள் பயம் நியாயம், அக்கா. 1982இல் ரோம் உலகப் போட்டியில் முறிந்த வாள் முகக்கவசத்தைத் துளைத்து சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அதற்குப் பிறகு வாளின் எஃகு, கவசத்தின் வலை, உடுப்பின் துணி எல்லாவற்றுக்கும் விதிகள் இறுகிவிட்டன. முகக்கவசம் இல்லாமல் வாள் தூக்குகிற பிள்ளைக்கு என்னிடம் அன்றைக்குப் பயிற்சி கிடையாது.

மூன்று வாள்களில் எதைப் பழகலாம், அக்கா?

எங்கள் இடத்துக்கு எப்பேதான். மற்ற இரண்டு வாள்களான ஃபாயிலுக்கும் சேபருக்கும் உலோக இழை மேலுடுப்பு வேண்டும். இருவரும் ஒன்றாகத் தொட்டால் யாருக்கு முன்னுரிமை, யாருக்குப் புள்ளி என்று சொல்லத் தெரிந்த நடுவரும் வேண்டும். எப்பேயில் உடம்பில் எங்கே தொட்டாலும் புள்ளி, ஒரே நேரத்தில் தொட்டால் இருவருக்கும் புள்ளி.

சாமான் வாங்க வசதியில்லாத பிள்ளைகள்?

வரட்டும். முதலில் கால் நடைதான். அதற்கு 14 மீட்டர் நீளத்துக்குச் சோக்குக் கோடு போதும். ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியரான சென்னை பவானி தேவி மூங்கில் கம்பில் பழகியவர்.

சிலம்பம் தெரிந்த தம்பிக்கு இது சுலபமா?

மணிக்கட்டும் கண்ணும் உதவும். கால்தான் இடறும். சிலம்பத்தில் சுற்றிச் சுழல்கிறோம், இங்கே ஒரே கோட்டில் முன்னும் பின்னும்.

போட்டியை விட்டுப் பயிற்சிக்கு வந்தது கஷ்டமாக இருந்ததா?

இருந்தது. போட்டியில் என் உடம்பில் எங்கே இடம் திறந்திருக்கிறது என்று எதிராளிக்குக் காட்டாமல் நின்றவள் நான். பாடம் கொடுக்கும்போது அதை வேண்டுமென்றே திறக்க வேண்டும். என் கை சற்று விலகும் அந்தக் கணத்தில் பிள்ளை பாய்ந்து தொட வேண்டும். நான் முந்தித் திறந்தால் அவசரப்படப் பழகுவாள், பிந்தினால் தயங்கப் பழகுவாள். தடித்த பயிற்சி அங்கியைப் போட்டுக்கொண்டு பின்னேரம் முழுக்கக் குத்து வாங்குவதுதான் வேலை. நடுவில் பழைய குணம் எழும்பும், தடுத்துவிடக் கை துடிக்கும். அதை அடக்கவேண்டும். திறமான வீரர்கள் பலர் நல்ல பயிற்சியாளர் ஆகாததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். அப்புறம், இடக்கைக்காரர்களோடு மோதப் பிள்ளைகள் பழகவேண்டுமே, அதற்காக நானும் இடக்கையால் பாடம் கொடுக்கப் பழகினேன்.

ஓ.எல். பரீட்சை வருசம் பயிற்சியை நிறுத்தவா?

நிறுத்தாதே, குறைத்துக்கொள். சனிக்கிழமை விடிய, ரியூசனுக்கு முன் வா. வெயில் ஏறினால் கவசத்துக்குள் நிற்க முடியாது.