சுற்றுச்சூழல் இயக்கம் வலுப்பெறும் முன்பே நிறுவன ஆட்சியைச் சித்தரித்த புதினம் உண்டா?

நிறுவனங்களே அரசாகிவிட்ட, காற்றும் நீரும் கெட்டுப்போன உலகைப் பற்றிய புதினங்கள் 1970களில்தான் தொடங்கினவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அமெரிக்க எழுத்தாளர்கள் பிரெடரிக் போல் (Frederik Pohl), சி. எம். கார்ன்புளூத் இருவரும் சேர்ந்து எழுதிய 'தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்' 1952இல் 'கேலக்ஸி' என்ற அறிவியல் புனைகதை இதழில் தொடராகவும் 1953இல் நூலாகவும் வந்துவிட்டது.

அதில் உலகை ஆள்பவை விளம்பர நிறுவனங்கள். செனட் உறுப்பினர்கள் மாநிலங்களுக்குப் பதிலாக நிறுவனங்களின் பிரதிநிதிகளாக அமர்ந்திருக்கிறார்கள். நன்னீர் குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிறது, கரிப்புகைக்கு அஞ்சி மக்கள் மூக்கில் அடைப்பான் செருகுகிறார்கள், இடமற்றவர்கள் கட்டடப் படிக்கட்டுகளில் உறங்குகிறார்கள், இயற்கையைக் காக்க வேண்டும் என்போர் சட்டவிரோதக் குழுவினராக வேட்டையாடப்படுகிறார்கள்.

என்னை மிகவும் பாதிப்பது கதைசொல்லியின் குரல். விளம்பரம் எழுதிப் பிழைக்கும் மிட்ச் கோர்ட்னே இவை அனைத்தையும் வளர்ச்சியின் இயல்பான விளைவுகளாகவே முதலில் விவரிக்கிறான். சதியால் அடையாளம் பறிக்கப்பட்டு, கடனிலிருந்து மீள முடியாத ஒப்பந்தக் கூலியாக உணவுத் தொழிற்கூடத்தில் தள்ளப்பட்ட பின்னரே, தான் விற்ற உலகின் அடித்தளத்தை அவன் காண்கிறான்.

புதினத்தில் வரும் கரிப்புகை வெறுங்கற்பனையும் அல்ல: 1948 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டோனோரா ஊரில் துத்தநாக, எஃகு ஆலைகளின் புகை பள்ளத்தாக்கில் தேங்கி, சில நாட்களிலேயே 20 பேர் இறந்திருந்தனர்.