எலிக்கு விஷம் குடுக்குற லேப்ல பையன் சேரலாமா?

அம்மா, உங்க மெசேஜ் பாத்தேன். "வாயில்லா ஜீவனுக்கு விஷம் குடுத்து கால் விளங்காம பண்றதுக்கா இவன படிக்க வச்சோம்"னு கேட்டிருக்கீங்க. கோவம் நியாயம்தான், ஆனா எந்த கெமிக்கல், எந்த மருந்து நரம்ப கெடுக்குதுன்னு பாக்குற அந்த வேலை எதுக்குன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

1930ல அமெரிக்கால மதுவிலக்கு இருந்தப்போ மருந்துங்கிற பேர்ல வித்த ஜமைக்கா ஜிஞ்சர்ங்கிற சாராயம் கலந்த இஞ்சிச் சாற குடிச்சு ஆயிரக்கணக்கான பேருக்கு கால் விழுந்துடுச்சு, அதுல கலந்திருந்த டிஓசிபிங்கிற கெமிக்கல்தான் காரணம். அதுல வில்லங்கம் என்னன்னா குடிச்சதும் காலுக்கு ஒன்னும் தெரியாது, ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சு நரம்பு நுனிப்பக்கத்துலேர்ந்து கெட ஆரம்பிக்கும், நீளமான நரம்புதான் முதல்ல போகும், அதான் பாதத்துல தொடங்குது, நரம்பு போனா தசையும் சூம்பிடும். இது எலில சரியா தெரியாது, வளர்ந்த கோழிலதான் தெரியும், அதனால இன்னைக்கும் டிஓசிபி சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிமருந்துக்கு, ஓஇசிடிங்கிற பல நாட்டு அமைப்பு வகுத்த 418ம் நம்பர் டெஸ்ட்ட கோழிலதான் பண்றாங்க. வின்கிறிஸ்டின் மாதிரி கேன்சர் மருந்தும் நரம்ப கெடுக்கும், அத எலில பாக்கலாம், அதுக்கும் இந்த படிப்பு வேணும்.

தினசரி வேலைன்னு பாத்தா விஷம் குடுக்குறது கொஞ்ச நேரம்தான். காலைல எடை போடணும், எலி கம்பிய எவ்ளோ பலமா புடிக்குதுன்னு மெஷின்ல அளக்கணும், சுத்துற உருளை மேல எத்தன செகண்ட் நிக்குதுன்னு எழுதணும். கடைசில இடுப்புலேர்ந்து காலுக்கு போற சயாட்டிக் நரம்ப மெலிசா சீவி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல மயலின்ங்கிற நரம்பு உறையோட வளையத்த எண்ணிக்கிட்டே உக்காரணும், கெண்டைக்கால் தசை நார் சுருங்கி கோணலா கெடக்கும், அதையும் அளக்கணும். பொறுமை இல்லாதவனுக்கு சுத்தமா ஒத்து வராது, உங்க பையனுக்கு அது இருக்கான்னு எனக்கு முன்னாடி உங்களுக்கே தெரியும்.

வேலை கெடைக்குமான்னா, மருந்து கம்பெனி, பூச்சிமருந்து கம்பெனிங்கள்ல சேஃப்டி டெஸ்டிங் பக்கம் ஆள் எடுப்பாங்க, ஆனா ஸ்லைட் பாக்கவும் புள்ளியியலும் சேந்து தெரிஞ்சிருக்கணும். பேத்தாலஜிஸ்ட்டா ஸ்லைடுக்கு முடிவு சொல்ற எடத்துக்கு பெரும்பாலும் கால்நடை டாக்டர் படிச்சவங்களதான் தேடுவாங்க, இத இப்பவே அவன்கிட்ட சொல்லிடுங்க.

சேர்றதுக்கு முன்னாடி எதிக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கா, எடை எவ்ளோ கொறஞ்சா எலிய எக்ஸ்பெரிமென்ட்லேர்ந்து எடுத்துடுவீங்க, கடைசில எலிய வலியில்லாம கொல்ல யார் சொல்லித் தருவாங்கன்னு லேப்ல அவனையே கேக்கச் சொல்லுங்க. மழுப்புனாங்கன்னா அந்த லேப் வேணாம். மிருகத்த தொடவே மனசு வரலன்னா அதுவும் தப்பில்ல, இதே துறைல செல்ல தட்டுல வளத்து பாக்குற செல் கல்ச்சர், படத்த கம்ப்யூட்டர்ல அளக்குற இமேஜ் அனாலிசிஸ்னு வழி இருக்கு. அவங்க சொன்ன பதில எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு பேசலாம்.